கணக்குப்பிள்ளைக்கு அரைப் பன்

ஜனவரி 18

யூனியன் ஆபீசில் கூப்பிட்டு டைரி கொடுத்தார்கள். வருஷா வருஷம் அவருக்கு வருவது. அட்டையில் சீட்டு ஒட்டியிருக்கிறது: திரு. சங்கரபாண்டி, பாய்லர் பிரிவு. கார்த்திகையில் ஆள் போய்விட்டார். மாலை போட்டதும் இதே யூனியன்தான். ஆனாலும் சீட்டு அச்சடித்தது அச்சடித்ததுதானே.

வீட்டுக்காரர் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்பாள் அம்மா. எழுதினால் தப்பா என்று கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

அவர் எந்த வருஷமும் டைரியில் ஒரு எழுத்து எழுதியதில்லை. தலையணைக்கு அடியில் உயரத்துக்கு வைப்பார். நான் ஆறாவது வரை படித்தவள். தலைக்கு உயரம் வேண்டாம் எனக்கு. அதனால் எழுதுகிறேன்.

ஜனவரி 20

இன்று புது வேலை. முட்டி வலியால் இனிமேல் சரிவில் ஏறிக் கொழுந்து பறிக்க முடியாது என்றதும், குரங்கு ஆராய்ச்சி செய்யும் ஜெசிந்தா மேடம் என்னை வாட்ச்சராக எடுத்துக்கொண்டார். பச்சைக் கோட்டு, விசில், சிவப்புக் கொடி. இந்த வயதில் என்னைப் பார்த்து பஸ் நிற்கிறது.

வேலை இதுதான். எங்கள் மஞ்சப்பாறை எஸ்டேட்டில் ரோட்டுக்கு மேலே ஒரு துண்டுக் காடு, கீழே ஒரு துண்டுக் காடு. நடுவில் எங்கள் தொழிலாளர் லைன் வீடுகள். சிங்கவால் குரங்குக் கூட்டம் மேலும் கீழும் போய் வரும். அதற்காக வளைவில் மரத்துக்கு மரம் பழைய தீயணைப்புக் குழாயைப் பின்னிப் பாலம் கட்டியிருக்கிறார்கள். சில மக்குகள் அதில் போகாமல் ரோட்டில் இறங்கும். இறங்கினால் வண்டியை நிறுத்த வேண்டும். டூரிஸ்ட் யாரும் தின்னக் கொடுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் வண்டியே கோயமுத்தூர் கார். ஒரு அம்மா சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டு கண்ணாடியை இறக்கினார்.

"பாவமுங்க, பசிக்குதுங்க அதுக்கு."

"உங்க வீட்டுக்காரருக்கும்தான் பசிக்கும். அவரு ரோட்டுல வந்து கையை நீட்டுறாரா?" என்றேன்.

ஸ்டியரிங் பிடித்திருந்தவர் சிரித்துவிட்டார். அந்த அம்மா சிரிக்கவில்லை. கண்ணாடி ஏறிவிட்டது.

"கொஞ்சம் மெதுவா திட்டுங்கக்கா, கம்ப்ளெயின்ட் எழுதிருவாங்க," என்றார் மேடம்.

ஜனவரி 21

கோயா கடையில் பன் வாங்கினேன். பாதியை அடுக்களை ஜன்னலில் மறந்து வைத்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் காணோம்.

ஜனவரி 22

இன்றும் மறந்துவிட்டேன்.

ஜனவரி 26

ஆபீஸ் முன்னால் கொடி ஏற்றினார்கள். மிட்டாய் கொடுத்தார்கள். இரண்டு எடுத்துக்கொண்டேன். பழக்க தோஷம்.

கணக்குப்பிள்ளையைப் பற்றி எழுத வேண்டும். அவர் காலை ஷிப்டு போகுமுன் ஜன்னலோரம் நின்று பன் தின்பார். போன வருஷம் ஒருநாள் ரோட்டைத் தாண்டி ஒரு குரங்கு வந்து ஜன்னலில் உட்கார்ந்தது. கறுத்த முகம், முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி. பானை மூடியைத் தூக்கிப் பார்த்தது, டம்ளருக்குள் எட்டிப் பார்த்தது, என்னை மேலும் கீழும் பார்த்தது. "ஏட்டி, கணக்குப்பிள்ளை வந்திருக்காரு, கணக்கைக் காட்டு," என்றார் அவர். அன்றிலிருந்து அதற்கு அந்தப் பெயர். அவர் தட்டில் விரலால் இரண்டு தட்டுத் தட்டுவார், அது வரும். பன்னில் பாதி அதற்கு. மற்ற பாதியில் எனக்கு ஒரு விள்ளல்.

அவர் போய்ப் பதினாறு கும்பிட்ட மறுநாளும் அது வந்தது. ஜன்னலில் உட்கார்ந்து உள்ளே பார்த்தது. கட்டில் பக்கம் பார்த்தது, கதவுப் பக்கம் பார்த்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். அவரைத் தேடியது அது ஒன்றுதான்.

வாட்ச்சர் எதுவும் கொடுக்கக்கூடாது. நான் கொடுப்பதில்லை. மறந்து வைக்கிறேன்.

பிப்ரவரி 3

கோயாவுக்குக் கண்ணில் எண்ணெய்.

"எந்தா அக்கா, ஒத்தை ஆளு, தினமும் ரெண்டு பன்னா?"

"மலைக் குளிரு. பசிக்குது."

"மெலிஞ்சுட்டே போறீங்களே!"

"உம்ம பன்னுல சத்து இல்ல போல."

பிப்ரவரி 9

இன்று ஒரு அதிசயம். கணக்குப்பிள்ளை குட்டி போட்டிருக்கிறார்!

காலையில் ஜன்னலில் வந்து உட்கார்ந்தபோது வயிற்றில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. வௌவால் மாதிரி. பார்த்தால் குட்டி. முகம் இளஞ்சிவப்பாக, பிடரி இல்லாமல், நேற்றுப் பிறந்த கிழவன் போல இருக்கிறது. ஒரு வருஷமாக 'வாரும், போரும்' என்று மரியாதை கொடுத்த ஆள் பொம்பளை! அவர் இருந்திருந்தால் அந்தச் சிரிப்புக்கு பாய்லரே அணைந்திருக்கும். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. அடுத்த வீட்டு குருவம்மாளிடம் சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. முழுங்கிவிட்டேன்.

பிள்ளை பெற்றவள். முழுப் பன்னை மறந்து வைத்தேன்.

பிப்ரவரி 10

திருப்பூரிலிருந்து முத்துச்செல்வி போன் செய்தாள்.

"அம்மா, அழுதியா?"

"இல்லையே. அட்டைப்பூச்சிக்குப் போட்ட புகை."

"தையில ஏதும்மா அட்டை?"

படிக்க வைத்தது தப்பு.

பிப்ரவரி 17

மேடம் வாட்ச்சர்களை உட்கார வைத்துப் பாடம் எடுத்தார். இந்தக் குரங்கு இந்த மேற்கு மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாதாம். ஒரு குட்டி போட்டால் அடுத்த குட்டிக்கு இரண்டு மூன்று வருஷம் ஆகுமாம். "நாய் பூனை மாதிரி இல்லக்கா. ஒண்ணு போனா ஒண்ணு போனதுதான்."

அது எனக்குத் தெரியும் என்று சொல்லவில்லை.

பிறகு மேடம் குரலைத் தாழ்த்தினார். "கூட்டத்துல எல்லாம் பாலத்துல போகப் பழகிருச்சு. ஒரே ஒரு தாய் மட்டும் குட்டியோட ரோட்டுல இறங்குது. காலையில லைன் வீட்டுப் பக்கம் போகுது. இங்க யாரோ தின்னக் கொடுக்குறாங்க. கோமதியக்கா, நீங்க அந்த லைன்லதானே இருக்கீங்க? யாருன்னு விசாரிச்சுச் சொல்லுங்க."

"சரி மேடம்," என்றேன்.

பிப்ரவரி 18

விசாரித்தேன். யாரும் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 25

லைனில் பெரிய ரகளை. குருவம்மாள் வீட்டில் கூரைத் தகரத்தை நெம்பிக்கொண்டு கணக்குப்பிள்ளை இறங்கியிருக்கிறாள். தோசை மாவுச் சட்டியைக் கவிழ்த்து, முழங்கை வரை மாவு பூசிக்கொண்டு, அலமாரிக் கண்ணாடியில் தன்னைத் தானே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

குருவம்மாள் தெருவில் நின்று கத்தினாள். "எந்தப் பாவி மகளோ ருசி காட்டி விட்டுருக்கா! அவ அடுப்புல பூனை தூங்க!"

நானும் பக்கத்தில் நின்று, "ஆமா, யாரா இருக்கும்?" என்றேன்.

"கோயாதான். மிச்சப் பன்னை வெளிய வீசுறான்."

கோயா பாவம். ஒரு கிலோ அரிசி ஊறப்போட்டு, குருவம்மாளுக்கு மாவு ஆட்டிக் கொடுத்தேன். "உனக்கு எம்புட்டு நல்ல மனசுக்கா," என்றாள். கிரைண்டர் சத்தத்தில் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

மார்ச் 9

இன்று எழுத்து கோணினால் கோணட்டும்.

மத்தியானம் வளைவில் மதகுக் கட்டையில் உட்கார்ந்து சாப்பாட்டைப் பிரித்தேன். அவருடைய மஞ்சள் பை. தூக்குச் சட்டி மூடி கட்டையில் பட்டு டங்கென்றது. கூட்டம் மேலே பாலத்தில் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தது. கணக்குப்பிள்ளை கடைசியில் இருந்தாள். சத்தம் கேட்டு நின்றாள், கீழே பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பாலத்தில் வைத்த கையை எடுத்துவிட்டு மரத்தில் சரசரவென்று இறங்கினாள். தார் ரோட்டில், நேராக என்னைப் பார்த்து, ஜன்னலுக்கு வருவது போலவே நிதானமாக நடந்து வந்தாள். வயிற்றில் குட்டி.

பொள்ளாச்சி பஸ் வளைவில் திரும்பியது.

விசில் கழுத்தில்தான் இருந்தது. வாய் நிறையச் சோறு. துப்பத் தெரியவில்லை, முழுங்கவும் தெரியவில்லை. கொடி எங்கே என்று தெரியவில்லை. ஓடிப்போய் பஸ் முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். முட்டி வலி இருப்பதே ஞாபகம் இல்லை.

பஸ் நின்றது. கையை நீட்டினால் தொடலாம். அந்தச் சத்தத்தில் கணக்குப்பிள்ளை தாவினாள், குட்டி பிடி தவறித் தாரில் விழுந்தது. வீல் என்று ஒரு கத்தல். அவள் மேட்டில் ஏறிய வேகத்தில் திரும்பி வந்து, டயருக்குப் பக்கத்தில் இருந்து குட்டியை வாரிக்கொண்டு போனாள். குட்டியின் ஒரு கால் தோல் உரிந்து சிவந்திருந்தது.

"ஏ கெழவி, சாகணும்னா வேற பஸ் பாரு!" என்று டிரைவர் கத்தினார். கண்டக்டர் இறங்கி வந்து, "யம்மா, குரங்கை நிறுத்தத்தான உன்னைப் போட்டுருக்கு? நீ அதுக்கு மேல குதிக்கிற!" என்றார். பஸ்ஸில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாயில் இருந்த சோறு கீழே விழுந்தது.

மேடம் ஓடி வந்தார். பஸ் போனபிறகு கேட்டார், "இங்க எத்தனை பேரு நிக்கிறாங்க. அது ஏங்க்கா நேரா உங்ககிட்ட வந்துச்சு?"

நான் சட்டியை மூடிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 10

எழுத ஒன்றும் இல்லை. மழை. ஜன்னலைச் சாத்தி வைத்தேன். வெளியே கணக்குப்பிள்ளை, கதவைத் தட்டுவது போல ஜன்னலைத் தட்டினாள்.

மார்ச் 11

காலையிலேயே மேடத்தின் ஆபீசுக்குப் போனேன். கோட்டு, விசில், கொடி எல்லாவற்றையும் மேஜையில் வைத்தேன்.

"நீங்க தேடச் சொன்ன ஆளைக் கண்டுபிடிச்சுட்டேன் மேடம்."

மேடம் கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். என் வீட்டுக்காரருக்கும் கணக்குப்பிள்ளைக்கும் இருந்த சிநேகத்தை எல்லாம் சொன்னேன். டீ ஆறிப்போய் ஆடை படர்ந்துவிட்டது.

"நான் போயிருறேன் மேடம். வேற ஆளைப் போடுங்க. அவங்க விரட்டட்டும்."

"வேற யாரு விரட்டினாலும் அது உங்ககிட்டதான் ஓடி வரும்," என்றார் மேடம். "நீங்க ரோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கீங்க, அதனால அது ரோட்டுல இறங்குது. கூட்டத்தோட போனா குட்டியும் பாலத்தப் படிச்சுக்கும். உங்க பின்னால வந்தா ரோட்டைத்தான் படிக்கும். உங்களைப் பார்த்தாலே பயப்படணும்க்கா. நீங்களேதான் விரட்டணும்."

"அதை விரட்டிட்டா..." என்று ஆரம்பித்தேன். பிறகு என்ன சொல்ல வந்தேன் என்று மறந்துவிட்டது.

மேடம் விசிலை எடுத்து என் கையில் வைத்தார்.

மார்ச் 12

விரட்டும் லட்சணம். கணக்குப்பிள்ளை ஜன்னலுக்கு வந்தாள். அவர் சாப்பிடும் எவர்சில்வர் தட்டை எடுத்து, கரண்டியால் டங் டங் என்று அடித்தேன். மிரண்டு ஓடுவாள் என்று பார்த்தால், முகம் மலர்ந்து உள்ளே இறங்கி அடுப்பு மேடையில் உட்கார்ந்துகொண்டாள். சாப்பாட்டு மணி! அந்தத் தட்டில்தானே அவர் இரண்டு தட்டுத் தட்டுவார். இன்று இருபது தட்டு. கல்யாண விருந்து என்று நினைத்திருப்பாள்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கணக்குப்பிள்ளை என்னையே பார்த்தாள். குட்டியும் பார்த்தது. காலில் தோல் உரிந்த இடம் கறுத்துப் பொருக்குத் தட்டியிருக்கிறது. அதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

பன் கொடுக்கவில்லை. அவளே தேடிவிட்டு, உப்பு ஜாடியைத் திறந்து நக்கிவிட்டு, காறித் துப்பிவிட்டுப் போனாள்.

மார்ச் 13

குடை. கொழுந்து பறிக்கும்போது வைத்திருந்த பெரிய கறுப்புக் குடை. ஜன்னலுக்கு வந்து உட்கார்ந்ததும் முகத்துக்கு நேரே டப்பென்று விரித்தேன். "போ!" என்று கத்தினேன். அடிவயிற்றில் இருந்து வந்தது அந்தச் சத்தம், எனக்கே பயமாக இருந்தது.

அவள் கூரையில் ஏறி ஓடும் சத்தம் கேட்டது. நான் குடையை மடக்கவில்லை. வீட்டுக்குள் குடை பிடித்தால் ஆகாது என்பார்கள். இனி ஆகாமல் போக என்ன இருக்கிறது. குடைக்குள்ளேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

குருவம்மாள் எட்டிப் பார்த்தாள். "ஏக்கா, உனக்கு மனசாட்சி இருக்கா? கைக்குழந்தைக்காரியப் போட்டு இப்படியா விரட்டுவ?"

"உன் மாவைக் கவுத்தவடி அவ!"

"மாவு போனா ஆட்டிக்கிடலாம்."

இவளைத்தான் அன்றைக்குத் தெருவில் நின்று கத்தினாள் என்று எழுதியிருக்கிறேன்.

மார்ச் 14

வந்தாள். குடை.

மார்ச் 15

வந்தாள். குடை. ஜன்னலில் ஏறவில்லை. ரோட்டோரத்தில் நின்று பார்த்தாள். நான் ரோடு வரைக்கும் ஓடினேன், குடையை விரித்துக்கொண்டு. மழையும் இல்லை வெயிலும் இல்லை. பால்காரர் சைக்கிளை நிறுத்தி என்னையே பார்த்தார்.

மார்ச் 17

குடைக்குள் இருந்தால் என் முகம் அவளுக்குத் தெரியாது. அது ஒரு வசதி.

மார்ச் 21

வந்தாள். மேட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். நான் குடையை எடுத்ததும், விரிக்கும் முன்பே போய்விட்டாள்.

மார்ச் 22

வரவில்லை.

மார்ச் 23

வரவில்லை. நல்லதுதான். சட்டி பானையெல்லாம் புளி போட்டு விளக்கினேன். அவர் தட்டையும்.

மார்ச் 24

வரவில்லை. முத்துச்செல்வி போன் செய்தாள். "அழுதியாம்மா?" என்றாள். "ஆமா," என்றேன். பிறகு அவளும் அழுதாள். கார்த்திகையில் அவளும் நானும் இப்படி அழவில்லை. வந்தவர்களுக்குக் காபி போடவே நேரம் சரியாக இருந்தது. "சரி வை, காசு ஓடுது," என்றேன். "ஃப்ரீம்மா அது," என்றாள். அப்புறமும் கொஞ்சம் அழுதோம்.

ஏப்ரல் 2

கீழ்க்காட்டில் பலா காய்த்துத் தொங்குகிறது. கூட்டம் தினமும் பாலத்தில் போகும் வரும். நான் வளைவை விட்டு நூறடி தள்ளி நின்றுகொள்கிறேன். மதியச் சாப்பாட்டை ஆபீசில் சாப்பிடுகிறேன். பிளாஸ்டிக் டப்பா. சத்தம் வராது.

இன்று திட்டு வாங்கியது ஒரு புது மாப்பிள்ளையும் பெண்ணும். தேனிலவாம். வாழைப்பழத்தைக் காட்டி செல்பி. "அதுக்கு ஊட்டுனது போதும், ஒருத்தருக்கொருத்தர் ஊட்டிக்கிடுங்க," என்றேன். ஊட்டிக்கொண்டார்கள்! நான்தான் திரும்பிக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஏப்ரல் 11

கோயா கடைக்குப் போனேன். "எத்தனை?" என்றார். "ஒண்ணு," என்றேன். பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். ஜன்னலோரம் நின்று, டீயில் தொட்டு, முழுப் பன்னையும் நானே தின்றேன். அடியில் கொஞ்சம் தீய்ந்திருந்தது. அந்தப் பக்கத்தைத்தான் என் வீட்டுக்காரர் கணக்குப்பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறார், ராஸ்கோல். எனக்கு வந்த விள்ளல் ஒருநாளும் தீய்ந்திருந்ததில்லை.

பிறகு வேலைக்குப் போனேன். நல்ல வெயில். பத்து மணிக்கு மேல் கூட்டம் வந்தது. கிளைகள் ஆடும் சத்தம். மேடம் வளைவில் நின்றுகொண்டு கையைக் காட்டினார், கடைசியில் அவள் வருகிறாள் என்று. குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். என் முகத்தைப் பார்த்தால் இறங்கி வந்துவிடுவாளோ என்று பயம்.

மேலே பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்தேன். பாலத்தின் நிழல் தாருக்குக் குறுக்கே கயிறு போல விழுந்திருந்தது. அதில் நிழல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. கடைசியில் ஒரு நிழல் வந்து நடுவில் நின்றது. ஆடாமல் நின்றது. என் குடை அவளுக்குத் தெரிந்திருக்கும். பின்னாலேயே ஒரு சின்ன நிழல், வயிற்றில் ஒட்டாமல், தனியாக, தட்டுத் தடுமாறி, தன் கையால் பாலத்தைப் பிடித்துக்கொண்டு வந்தது. அது வந்து சேர்ந்ததும் இரண்டும் நகர்ந்தன.

அதே நேரம் பொள்ளாச்சி பஸ் வளைவில் திரும்பியது. நிழல்களின் மேல் ஏறி நேராகப் போயிற்று. நான் விசில் ஊதவில்லை.